வெண்ணெய் மாதிரி ஓடிய வண்டி: ஒரு கிக்டவுன் கேபிள் ஆய்வு

ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர் யாராவது "கியர் மாறுறதே தெரியலைங்க" என்று பெருமைப்பட்டால், எனக்கு இப்போதெல்லாம் முதலில் சந்தேகம்தான் வருகிறது. கானாடுகாத்தான் ஆச்சியின் கரோலா கொடுத்த பழக்கம் இது. அந்த வண்டியில் நடந்ததை, நான் செய்த தப்பையும் சேர்த்து, எழுதிவைக்கிறேன்.

1989 மாடல் டொயோட்டா கரோலா. 1.6 லிட்டர் எஞ்சின், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கக் கார்புரேட்டர், முன்சக்கர இழுவை, ஏ131எல் என்கிற மூன்று கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி. ஆச்சியின் வீட்டுக்காரர் மலேசியாவில் இருந்து ஊர் திரும்பியபோது கூடவே வந்த வண்டி. அங்கேயும் ஸ்டீயரிங் வலப்பக்கம்தான் என்பதால் நம் ரோட்டுக்கு எந்த மாற்றமும் தேவைப்படவில்லை. அவர் போய்ப் பல வருடங்களாகிவிட்டது. முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் திறக்கும் அந்த வீட்டில், பின்வாசல் கொட்டகையில் வண்டி நிற்கும். பிள்ளைகள் ஊருக்கு வரும்போதும் கல்யாணம் காட்சிக்கும் வெளியே எடுப்பார்கள். வருடத்துக்கு 2,000 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். "அவுக கொண்டாந்த வண்டி தம்பி, குடுக்க மனசு வரல" என்பார் ஆச்சி. நானும் குடுங்கள் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

வண்டி காரைக்குடிக்கு என் பட்டறைக்கு வந்தது சித்திரை வெயிலில். ஓட்டிவந்த டிரைவர் அண்ணனுக்கு அறுபதைத் தாண்டிய வயசு, அந்த வீட்டில் முப்பது வருடப் பழக்கம். ஆச்சியும் பின்சீட்டில் வந்திருந்தார்.

"ரெண்டு மாசம் முன்னாடி ஐடிலிங் ஏறி ஏறி இறங்குச்சுன்னு வெளியூர்ல ஒரு எடத்துல கார்புரேட்டர் கழுவினோம் தம்பி. அதுலேர்ந்து வண்டி வெண்ணெய் மாதிரி. கியர் விழுறதே தெரியாது. போன வாரம் கொடைக்கானல் போனோம், வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறுறப்பதான்..." என்று இழுத்தார் டிரைவர் அண்ணன்.

ஆச்சி முடித்தார்: "எஞ்சின் கத்துது, வண்டி நகரல. ஏதோ கருகுன வாடை. நான் எறங்கி நடக்கவான்னு கேட்டேன்."

சிரித்துவிட்டேன். ஆனால் கருகின வாடை என்ற சொல் மனசில் தங்கிவிட்டது. ஆட்டோமேட்டிக் பெட்டியில் அந்த வாடைக்குப் பெரும்பாலும் ஒரே அர்த்தம்தான். கிளட்ச் தகடுகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்காமல் தேய்ந்திருக்கின்றன.

எதையும் தொடுவதற்கு முன் ஓட்டிப் பார்த்தேன். கோவிலூர் பக்கம் போய், திருமயம் போகும் பெரிய ரோட்டில் கொஞ்ச தூரம். மெதுவாக மிதித்தால் 15 கிலோமீட்டர் வேகத்திலேயே இரண்டாவது கியர், 28, 30-லேயே மூன்றாவது. உண்மையிலேயே மெத்தென்று இருந்தது, பட்டுப்புடவை மடிப்பது போல. பாதி மிதி மிதித்தாலும் கிட்டத்தட்ட அதே வேகத்தில்தான் கியர் ஏறியது. அங்கேதான் கோளாறு. கால் கூடினால் கியர் தள்ளிப்போக வேண்டும். 50-ல் போகும்போது மிதியைத் தரையோடு அமுக்கினேன். எஞ்சின் முனகியது, கியர் இறங்கவில்லை. முன்னால் போன டவுன்பஸ்ஸை முந்த முடியாமல் அதன் புகையைத் தின்றுகொண்டே திரும்பினேன்.

முழுக்க மிதித்ததும் கியர் இறங்குவதைக் கிக்டவுன் என்போம். அது மட்டும் வரவில்லை என்றால் நான் வேறு இடங்களையும் யோசித்திருப்பேன். இங்கே மூன்று குறையும் ஒன்றாக வந்திருந்தன. கியர் சீக்கிரம் ஏறுகிறது, கியர் விழும்போது பிடி தளர்கிறது, மிதித்தால் இறங்குவதில்லை. மூன்றும் கார்புரேட்டர் வேலைக்குப் பிறகு வந்தவை. மூன்றுக்கும் பொதுவாக ஒரே ஒரு பொருள்தான் உண்டு. அது கார்புரேட்டர் பக்கத்தில், ஆக்ஸிலேட்டர் கேபிளோடு ஒட்டிக்கொண்டு, அதே பிராக்கெட்டில் மாட்டியிருக்கும் இரண்டாவது கேபிள்.

அது என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இந்தப் பெட்டியில் கம்ப்யூட்டர் கிடையாது, எல்லாம் எண்ணெய் அழுத்தம். கியர் எப்போது ஏற வேண்டும் என்பதை ஒரு தராசு முடிவு செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் வண்டியின் வேகம். கவர்னர் என்ற சுழலும் உறுப்பு, வேகம் கூடக்கூட அழுத்தத்தைக் கூட்டி, ஷிஃப்ட் வால்வை மேல் கியர் பக்கம் தள்ளும். மறுதட்டில் டிரைவரின் கால். மிதிக்கு ஏற்ப எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்ற சேதியைக் கேபிள் பெட்டிக்குள் கொண்டுபோகும். உள்ளே, வால்வுகள் எல்லாம் அடங்கிய வால்வு பாடியில், ஒரு சின்ன கேம் (கோணல் சக்கரம்) திரும்பி, ஒரு பிளக்கை அமுக்கி, ஸ்பிரிங் வழியாகத் த்ராட்டில் வால்வைத் தள்ளும். அதில் பிறக்கும் அழுத்தம் ஷிஃப்ட் வால்வைக் கீழ்க் கியர் பக்கம் பிடித்து நிறுத்தும். மிதியைத் தரையோடு அமுக்கினால் கேம் அந்தப் பிளக்கை இன்னும் ஆழமாகத் தள்ளி, தனி வழியொன்றைத் திறந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் கியரே கீழே இறங்கும். அதுதான் கிக்டவுன்.

பெயர் கிக்டவுன் என்பதால், முந்தும்போது மட்டும் வேலை செய்கிற கேபிள் என்று பலரும் நினைக்கிறார்கள். டொயோட்டாவின் கையேடு இதை வெறுமே த்ராட்டில் கேபிள் என்கிறது, அதுவே சரியான பெயர். ஏனென்றால் இதற்கு இன்னொரு வேலை உண்டு. பெட்டியின் மொத்த எண்ணெய் அழுத்தமும் இதே சேதியைக் கேட்டுத்தான் ஏறி இறங்குகிறது. எஞ்சின் அதிகம் இழுக்கும்போது கிளட்ச் தகடுகளை இறுக்கிப் பிடிக்க அதிக அழுத்தம் வேண்டும். கேபிள் தொங்கினால், டிரைவர் மலையேற மிதித்துக்கொண்டிருக்கும்போதும் பெட்டிக்கு "ஐயா சும்மா உலாத்துறாரு" என்றே சேதி போகும். அழுத்தம் ஏறாது, தகடு வழுக்கும், சூடாகும், கருகும்.

செட்டிநாட்டுச் சீமையில் இந்தக் கோளாறு மறைந்திருக்க வசதி அதிகம். குன்றக்குடியையும் பிள்ளையார்பட்டியையும் விட்டால் எங்கும் தட்டைப் பூமி. ஆச்சியின் வண்டிக்குக் கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் போவதுதான் வேலை. காலியான ரோட்டில், லேசான காலில், அழுத்தம் குறைந்த பெட்டி மெத்தென்றுதான் ஓடும். அழுத்தம் குறைந்தால் தகடுகள் நிதானமாகப் பிடிக்கும், அதிர்ச்சி தெரியாது. ஓட்டுபவருக்கு அது சுகம். தகடுக்கு அது தேய்மானம். இரண்டு மாதம் அந்தச் சுகத்தை அனுபவித்துவிட்டுத்தான் மலைக்குப் போயிருக்கிறார்கள்.

பானெட்டைத் திறந்தேன். முதலில் எண்ணெய். எஞ்சின் நன்றாகச் சூடேறி ஐடிலிங்கில், அதாவது மிதியைத் தொடாமல், ஓடும்போதுதான் அளவு பார்க்க வேண்டும். பெட்டி எண்ணெய் 70 முதல் 80 டிகிரி வரை இருக்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டு எல்லா இடத்துக்கும் லீவரை ஒருமுறை கொண்டுபோய், பார்க்குக்குத் திரும்பி, பிறகு டிப்ஸ்டிக். அளவு சரியாக இருந்தது. நிறம் சிவப்பைத் தாண்டிப் பழுப்பை எட்டியிருந்தது. வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு வைத்து முகர்ந்தேன். வறுத்த மிளகாய் தீய்ந்த மாதிரி லேசான வாடை. கருப்புத் துகள் இல்லை. இன்னும் நேரம் இருக்கிறது என்று மூச்சு விட்டேன்.

இனி நான் செய்த தப்பு.

இந்தக் கேபிளின் எஞ்சின் பக்க முனையில் பூட் என்கிற ரப்பர் தொப்பி இருக்கும். உள்ளே ஓடும் கம்பியில் ஒரு சின்ன உலோக மணி அமுக்கிப் பொருத்தியிருக்கும். ஐடிலிங்கில் மணி அந்த ரப்பருக்குள் ஒளிந்திருக்கும். மிதியை முழுக்க அமுக்கினால் கம்பி இழுபட்டு, மணி பூட்டின் விளிம்புக்கு வந்து நிற்க வேண்டும். விளிம்புக்கும் மணிக்கும் இடைவெளி 0 முதல் 1 மி.மீ. இந்த வயசுக் கரோலாவுக்கு அவ்வளவுதான் கணக்கு. மணி உள்ளேயே ஒளிந்திருந்தால் கேபிள் தொங்குகிறது. தாண்டி வெளியே வந்தால் இறுகியிருக்கிறது. ஒன்று கவனியுங்கள்: பின்னாளில் வந்த சில டொயோட்டாக்களில் இதே 0 முதல் 1 மி.மீ. இடைவெளியைத் த்ராட்டில் மூடியிருக்கும்போது, உறை முனைக்கும் மணிக்கும் நடுவே பார்க்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு பெட்டியைக் கெடுத்தவர்கள் உண்டு. உங்கள் வண்டி எந்த வகை என்று தெரியாமல் நட்டில் ஸ்பேனர் வைக்காதீர்கள்.

பட்டறைப் பையனை உள்ளே உட்காரவைத்து, எஞ்சினை அணைத்துவிட்டு, "மிதிடா, தரையோட" என்றேன். மிதித்தான். மணியைக் காணோம். பூட்டுக்குள் ஆழமாக இருந்தது. பிராக்கெட்டின் இரண்டு பக்கமும் உள்ள நட்டுகளைத் தளர்த்தி, உறையைப் பின்னுக்கு இழுத்து, மணி விளிம்பில் எட்டிப் பார்க்கும் வரை கொண்டுவந்தேன். மரையில் பார்த்தால் ஏறக்குறைய 12 மி.மீ. நகர்ந்திருந்தது. கொஞ்சம் அதிகம்தான். அப்போதே நான் நின்றிருக்க வேண்டும். கார்புரேட்டர் வேலை செய்தவர் அலட்சியமாக மாட்டியிருப்பார் என்று நினைத்து நட்டை இறுக்கிவிட்டேன்.

வண்டியை எடுத்தேன். நியூட்ரலிலிருந்து டிரைவுக்குப் போட்டதும் முதுகில் ஒரு உதை. லேசாக மிதித்தாலும் 35 வரை முதல் கியரிலேயே அழுதது. இரண்டாவது விழும்போது டமார் என்று ஒரு தட்டு. திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆச்சி சத்தம் கேட்டு எழுந்து வந்துவிட்டார். "என்ன தம்பி, முன்ன இருந்ததே தேவலையா இருக்கே" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

தொங்கின கேபிளை இறுக்கின கேபிளாக மாற்றிவிட்டேன் என்பது தெரிந்தது. எப்படி என்றுதான் புரியவில்லை. கணக்குப்படி மணி விளிம்பில்தான் இருக்கிறது.

டீ குடித்துவிட்டு வந்து, கேபிளை மறந்துவிட்டு, ஏர் கிளீனரைக் கழற்றிக் கார்புரேட்டருக்குள் டார்ச் அடித்தேன். பையனை மறுபடி மிதிக்கச் சொன்னேன். த்ராட்டில் தகடு முக்கால்வாசிதான் திறந்தது. தகட்டைத் திருப்பும் லிங்கேஜைக் கையால் திருப்பினேன், இன்னும் கால்வாசி தாராளமாகப் போனது. அதாவது மிதி தரையைத் தொட்டபோதும் த்ராட்டில் முழுக்கத் திறக்கவில்லை. நான் முக்கால் திறப்பை முழுத் திறப்பு என்று நம்பி அளந்திருக்கிறேன்.

தரை எங்கே என்று பார்க்கக் குனிந்தேன். ரப்பர் மேட். அதன்மேல் ரெக்ஸின் விரிப்பு. அதற்கும் மேல், வாசலில் கால் துடைக்கப் போடுவார்களே, அந்தத் தேங்காய்நார் மிதியடி, நல்ல தடிமன். மிதி அதில் மோதி நின்றுவிடுகிறது.

"இது எப்ப போட்டதுண்ணே?"

"போன வருஷம் சித்திரையில. செருப்பக் கழட்டிட்டுதான தம்பி ஓட்டுவேன். இந்த வெயில்ல தரை சுட்டுப் பொசுக்குது."

அவர் மேல் குற்றமில்லை. அந்த வீட்டு வண்டியில் செருப்போடு ஏறமாட்டார், அது முப்பது வருட மரியாதை. மிதியை அழுத்தி ஓட்டும் பழக்கமும் இல்லை. ஆகவே ஒரு வருடமாகக் கிக்டவுன் கிடைக்கவில்லை என்பதே அவருக்குத் தெரியாது. மிதியடியால் வந்தது ஒரு குறை, இரண்டு மாதத்துக்கு முன் கேபிளால் வந்தது இன்னொரு குறை. நான் இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிவிட்டேன்.

மூன்று விரிப்பையும் எடுத்து வெளியே போட்டேன். பிறகு வரிசை மாறாமல் வேலை. முதலில் ஆக்ஸிலேட்டர் கேபிள். அதுவும் தொங்கியே இருந்தது. கார்புரேட்டர் வேலை பார்த்தவர் ஐடிலிங் ஏறாமலிருக்க இரண்டு கேபிளையுமே தளர்த்தி மாட்டியிருக்கிறார். மிதியை விட்டால் த்ராட்டில் முழுக்க மூட வேண்டும், தரையோடு மிதித்தால் தகடு நேராக நிற்க வேண்டும், இரண்டும் சரியாகும் வரை ஆக்ஸிலேட்டர் கேபிளைச் சரிசெய்தேன். இது முடியாமல் அடுத்த கேபிளைத் தொடுவது கோணல் சுவரில் நிலை வைப்பதற்குச் சமம்.

பிறகுதான் கிக்டவுன். பையன் மிதியைத் தரையோடு பிடித்துக்கொள்ள, நட்டுகளைத் தளர்த்தி, முன்னர் பின்னுக்கு இழுத்த உறையை முன்னுக்கு விட்டுக்கொண்டே வந்தேன். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜில் அரை மி.மீ. தகடு விளிம்புக்கும் மணிக்கும் நடுவே லேசாக உரசி நுழைந்தது. அங்கே நிறுத்தி, ஒரு நட்டை ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு மற்றதை இறுக்கினேன். பிடிக்காமல் இறுக்கினால் உறையும் கூடவே திரும்பி அளவு நகர்ந்துவிடும். மூன்று முறை மிதித்து விட்டு மிதித்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் மணி அதே இடத்தில் வந்து நின்றது. மரையைப் பார்த்தால், தொடக்கத்தில் கேபிள் இருந்த இடத்திலிருந்து மொத்த நகர்வு 5 மி.மீ. மட்டுமே. நான் முதலில் இறுக்கிய 12-ல் 7 மிதியடிக்கும் தொங்கிய ஆக்ஸிலேட்டர் கேபிளுக்கும் சேர வேண்டியது.

கம்பி உறைக்குள் வழுவழுப்பாக ஓடுகிறதா என்பதையும் விரலால் இழுத்துப் பார்த்தேன். மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்கும் வண்டிகளில் கம்பி துருவேறிச் சிக்கும், அளவு சரியாக இருந்தும் விட்டபின் திரும்பி வராது. இதில் அந்தத் தொல்லை இல்லை. இருந்திருந்தால் வேலை பெரிசு. மறுமுனை பெட்டிக்குள் கேமில் மாட்டியிருப்பதால், பெட்டியின் அடியில் எண்ணெய் நிற்கும் சேம்பரை இறக்கி, வால்வு பாடியைக் கழற்றித்தான் மாற்ற வேண்டும். புதுக் கேபிளில் மணி அமுக்காமல் வந்தால் நாமே அமுக்க வேண்டும். கம்பியை லேசாக, முதல் எதிர்ப்பு விரலுக்குத் தெரியும் வரை இழுத்துப் பிடித்து, உறை முனையிலிருந்து 0.8 முதல் 1.5 மி.மீ. தூரத்தில். அந்த விரல் பதம் புத்தகத்தில் வராது.

திரும்ப ரோட்டுக்குப் போனோம், இந்த முறை டிரைவர் அண்ணன் பக்கத்தில். லேசான காலில் முதல்-இரண்டு 20-ஐ ஒட்டி, இரண்டு-மூன்று 40-ஐ ஒட்டி. பாதி மிதியில் இரண்டுமே தள்ளிப்போயின. ரோடு காலியாக இருந்த இடத்தில் நின்ற நிலையிலிருந்து தரையோடு மிதித்தேன், 55-ஐத் தாண்டித்தான் இரண்டாவது விழுந்தது, உறுதியாக, உதை இல்லாமல். பிறகு மூன்றாவதில் 50-ல் போய்க்கொண்டே முழுக்க அமுக்கினேன். ஒரு நொடி தயக்கம், பின் எஞ்சின் குரல் உயர்ந்து வண்டி முன்னால் பாய்ந்தது. டிரைவர் அண்ணன் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார். "இந்த வண்டியிலயா?" என்றார். அவுக இருந்த காலத்துக்குப் பிறகு அந்த வண்டி இப்படி ஓடி அவர் பார்க்கவில்லை.

ஸ்டால் டெஸ்ட் செய்யவில்லை. பிரேக்கை அமுக்கிக்கொண்டு முழுத் த்ராட்டில் கொடுத்துப் பார்க்கும் சோதனை அது. கையேடே 5 நொடிக்கு மேல் கூடாது என்கிறது. ஏற்கெனவே சூடுபட்ட முப்பது வருடப் பழசுப் பெட்டியை அப்படிச் சோதிக்க எனக்கு மனம் வரவில்லை. சேம்பரை இறக்கிப் பார்ப்பதே போதும் என்று தோன்றியது. இரும்புத் துகளைப் பிடிக்க உள்ளே இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மெல்லிய படலமாக ஒட்டியிருந்தது, அந்த வயசுக்கு நியாயமானது. தகட்டின் பொருக்கு எதுவும் இல்லை. வடிகட்டியைக் கழுவி, டெக்ஸ்ரான் என்கிற ஆட்டோமேட்டிக் பெட்டி எண்ணெய் 2.5 லிட்டர் ஊற்றினேன். பெட்டியில் இருப்பது முழுதும் இதில் மாறாது, எஞ்சினையும் பெட்டியையும் எண்ணெயால் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில் பழசு தங்கும். அதனால் 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு தடவை மாற்றச் சொன்னேன். இந்தப் பெட்டியில், இழுவையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்குத் தனி அறை, தனி எண்ணெய், 1.4 லிட்டர். டிப்ஸ்டிக் அதைக் காட்டாது. திறந்து பார்த்தபோது எண்ணெய் தார் மாதிரி இருந்தது. இந்த ஊருக்கு வந்தபின் யாரும் அதைத் திறந்ததில்லை என்று நினைக்கிறேன்.

இதைப் படித்துவிட்டுப் பழைய பென்ஸ் வைத்திருப்பவர்கள் கேபிளைத் திருக வேண்டாம். 722.3 வகைப் பெட்டியில் அழுத்தத்தை எஞ்சினின் வேக்யூம் பார்த்துக்கொள்கிறது, கேபிள் கியர் ஏறும் நேரத்தை மட்டும் நகர்த்துகிறது, கிக்டவுனுக்கு மிதியின் அடியில் தனி மின்சுவிட்ச். அங்கே கணக்கு வேறு. மிதியடி மட்டும் அங்கேயும் அதே வேலையைச் செய்யும், சுவிட்சைத் தொட விடாது.

லாக் நட்டின் மேல் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு அனுப்பினேன். யாராவது தொட்டால் தெரியட்டும் என்று.

ஐந்தாறு வாரம் கழித்து இரண்டாவது எண்ணெய் மாற்ற வந்தார்கள். எண்ணெய் சிவப்பாகவே இருந்தது, வாடை இல்லை. டிரைவர் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, முன்ன மாதிரி மெத்துன்னு இல்ல. கியர் விழுறது தெரியுது. ஒரு ரெண்டு மரை மட்டும் தளத்தி விடேன்."

"தெரியத்தாண்ணே வேணும்" என்று சொல்லிவிட்டுப் பானெட்டைத் திறந்தேன். வெள்ளைக் கோடு அப்படியே இருந்தது. பிறகு டிரைவர் பக்கக் கதவைத் திறந்து குனிந்தேன். தேங்காய்நார் மிதியடி பழைய இடத்துக்கே வந்திருந்தது.

தளர்த்தவில்லை. தகரம் வெட்டும் கத்திரியை எடுத்து, குதிகால் வைக்கும் இடத்தை மட்டும் விட்டு, மிதிக்குக் கீழே வரும் பாகத்தை அரைவட்டமாக வெட்டி எடுத்தேன். ஆச்சி பார்த்துக்கொண்டே இருந்தார். "நல்ல மிதியடி தம்பி, வெட்டிட்டியே" என்றார். வெட்டின துண்டைக் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.